பையனைப் பாதி நாளில் பள்ளி திருப்பி அனுப்புகிறது: திங்கட்கிழமைக்குள் யோசனை தேவை

மழைமேகம்: குடிவந்து இன்னும் பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை. மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் இருக்கிறது. மணியடித்தால் மேசைக்கடியில் புகுந்து காதைப் பொத்திக்கொள்கிறான். "இன்று சமாளிக்க முடியவில்லை, அழைத்துப் போங்கள்" என்று பதினொரு மணிக்கே பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது. மனைவிதான் ஓடுகிறாள். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்கிறார் ஆசிரியை. சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடலாமா? திங்களன்று கூட்டம்.

பழையகுடி: தம்பி, பள்ளியை விசாரித்துவிட்டு அல்லவா வீடு பிடித்திருக்க வேண்டும்? நாங்கள் வந்த புதிதில் கார் கிடையாது. பனியில் இரண்டு பஸ் மாறி மகளைக் கொண்டுபோய் விடுவேன். கேட்பதற்கு ஒரு நாதி இல்லை.

நியூஜெர்சி அம்மா: மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டதும் 60 நாள் கணக்கு ஓடத் தொடங்கும். 1975 முதல் இருக்கிற சட்டம் இது. மொழிபெயர்ப்பாளரையும் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். சிறப்புப் பள்ளி மட்டும் வேண்டவே வேண்டாம், மற்ற பிள்ளைகளோடு படிக்கட்டும்.

கீற்று: எல்லோருக்கும் அது ஒத்துவராது. என் மகள் முப்பது பேர் வகுப்பில் வாயே திறக்கவில்லை. சிறப்புப் பள்ளிக்குப் போன பிறகுதான் பேசினாள்.

பழையகுடி: எங்கே போனாலும் காத்திருப்புப் பட்டியல்தான். ஊரிலிருந்து போன் செய்கிறவர்களோ "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று வைத்தியம் சொல்கிறார்கள்.

கீற்று: அதை நினைவூட்டாதீர்கள்!

வடகரை: எந்த நாடு என்று ஒருவராவது கேட்டீர்களா?

மழைமேகம்: மன்னிக்கவும், இங்கிலாந்து. அரசுப் பள்ளி.

வடகரை: அப்படியானால் அந்த 60 நாளை மறந்துவிடுங்கள், அது அமெரிக்கச் சட்டம். முறைப்படி எழுத்தில் இடைநீக்கம் செய்யாமல் பிள்ளையை "அமைதியாகட்டும்" என்று வீட்டுக்கு அனுப்புவது இங்கே சட்டவிரோதம். நீங்கள் தலையாட்டினாலும் அது செல்லாது. அடுத்த முறை அழைத்தால், "இதை இடைநீக்கமாகப் பதிவுசெய்கிறீர்களா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். இதுவரை அனுப்பிய தேதிகளையும் குறித்து வையுங்கள்.

திங்களன்று சென்கோ, அதாவது சிறப்புத் தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர், கூட்டத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். மணியடிப்பதற்கு முன்பே வகுப்பை விட்டு வெளியே வர அனுமதி, காதடைப்பான், அமைதியான மூலை ஆகியவற்றைக் கேளுங்கள். நியாயமான மாற்றங்களைச் செய்துதர 2010 சமத்துவச் சட்டப்படி பள்ளி கடமைப்பட்டது.

சிறப்புப் பள்ளிக்குப் பெரும்பாலும் இ.எச்.சி. திட்டம் வேண்டும், அதாவது பிள்ளைக்கு வேண்டிய கல்வி, உடல்நல, பராமரிப்பு உதவிகளைச் சட்டப்படி எழுதித்தரும் ஆவணம். பள்ளி விண்ணப்பிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், பெற்றோரே உள்ளாட்சி மன்றத்திடம் கேட்கலாம். மதிப்பிடுவதா இல்லையா என்று 6 வாரத்தில் சொல்ல வேண்டும், திட்டம் கைக்கு வர மொத்தம் 20 வாரம். சட்டத்தில் அப்படி, நடப்பில் இழுத்தடிப்பார்கள். ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதியிலும் 'சென்டியாஸ்' என்ற இலவச ஆலோசனைச் சேவை உண்டு, இன்றே அழையுங்கள்.

தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு கெடுவதில்லை. அவன் அழும்போது அம்மா எந்த மொழியில் தேற்றுவாள்?

மழைமேகம்: ஊரில் எடுத்த மதிப்பீட்டு அறிக்கை இருக்கிறது. செல்லுமா?

வடகரை: நகல் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். இங்கே மறுபடியும் பார்ப்பார்கள். ஆனால் வகுப்பில் உதவி தொடங்க எந்த மருத்துவச் சான்றும் தேவையில்லை. "அறிக்கை வரட்டும்" என்று திங்களன்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.