வலைச் செயலிக்குக் கூடுதல் அடுக்குகளும் தானியங்கிச் சோதனையும் தேவையா?

கேள்வி:
நாங்கள் மூவர் சேர்ந்து, மாதச் சந்தாவை நிர்வகிக்கும் வலைச் செயலி ஒன்றை எழுதி வருகிறோம். தரவுத்தளத்தைப் பிற்பாடு மாற்ற நேரிடலாம் என்று கருதி, அதற்கு முன்னால் இடைமுகம் (என்னென்ன செயல்கள் கிடைக்கும் என்று மட்டும் சொல்லும் நிரல்), அதற்கும் முன்னால் சேவை அடுக்கு (செயலியின் விதிகளை வைத்திருக்கும் பகுதி) என்று கட்டியதால், படிவத்தில் ஒரு புலம் சேர்க்கவே ஐந்து கோப்புகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. இதற்கு மேல், ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் (function), அது சரியாக இயங்குகிறதா என்று தானாகப் பார்க்கும் சோதனை எழுத வேண்டும் என்கிறார் எங்களில் ஒருவர். இந்த உழைப்புக்குப் பலன் உண்டா?

மறுமொழி 1:
சோதனைக்குப் பலன் உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. சந்தா புதுப்பிக்கும் தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் ஜனவரி 31ஐ வைத்துக்கொண்டு மாதத்தை மட்டும் பிப்ரவரிக்கு மாற்றினால், பிப்ரவரியில் 31 இல்லாததால் மிச்ச நாட்கள் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டு, பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் மார்ச் 3 என்று விடை வரும். லீப் ஆண்டென்றால் மார்ச் 2. இந்தத் தவற்றை நானே செய்து, வாடிக்கையாளர் ஒருவர் எழுதிக் கேட்ட பிறகுதான் கண்டுபிடித்தேன். அன்று எழுதிய நான்கு வரிச் சோதனை, சில மாதங்கள் கழித்து வேறொருவர் அந்தக் கோப்பைத் திருத்தியபோது அதே பிழை திரும்ப நுழைந்ததை உடனே காட்டிக்கொடுத்தது. பணம், தேதி, அனுமதி ஆகிய மூன்றையும் சோதிக்காமல் விடாதீர்கள். பொத்தானின் நிறத்துக்கெல்லாம் சோதனை வேண்டாம்.

மறுமொழி 2:
ஒரே ஒரு வகுப்பு (class) மட்டும் நிறைவேற்றும் இடைமுகத்தைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள்; தேவை வரும்போது மீண்டும் எழுதுவது கடினமன்று. பணம் பெறும் வெளிச்சேவைக்கு முன்னால் மட்டும் மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கட்டும், ஏனெனில் சோதனையின்போது அங்கே உண்மைச் சேவைக்குப் பதிலாக, அதைப்போல விடை தரும் போலி ஒன்றை வைக்க முடியும். இரண்டு இடங்களில் ஒரே மாதிரி நிரல் தென்பட்டதும் பொதுவாக்கிவிடுவதும் ஆபத்தே. நாங்கள் அப்படிப் பொதுவாக்கிய செயற்கூறு ஒன்று, தேவைக்கொரு அளவுருவாக (அதற்குக் கொடுக்கும் உள்ளீடாக) வளர்ந்து, ஏழு அளவுருக்களுடன் யாரும் தொட அஞ்சும் நிலைக்கு வந்துவிட்டது. அதைப் பிரித்தெழுத இரண்டு வாரம் ஆயிற்று.

மறுமொழி 3:
போலிகளை வெளிச்சேவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தரவுத்தளத்துக்கும் போலி வைத்தால், தரவைக் கேட்கும் வினவல் உண்மையில் இயங்காது என்பதால், அதில் நெடுவரிசையின் பெயர் தவறாக இருந்தாலும் சோதனைகள் அனைத்தும் தேறிவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இடைமுகத்தை நீக்கிவிட்டு, முதல் சோதனையை ஜனவரி 31க்கே எழுதுகிறோம். எங்கள் நிரலும் மாதத்தை அப்படித்தான் மாற்றுகிறது என்பதை இப்போதுதான் பார்த்தேன்.