180 ஏறியது, 1,250 ஏன் ஏறவில்லை? தொழில் வரிச் சண்டை

மளிகை மூன்றாம் தலைமுறை:
நேற்று வேறொரு இழையில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார்: "ஜிஎஸ்டி வந்த பிறகு சிறு வியாபாரிக்கு வேறு வரித் தொல்லையே கிடையாது. தொழில் வரி ஒன்று இருக்கிறது, அது டீக்காசு. கலெக்டருக்கும் கடைக்காரனுக்கும் ஒரே அளவு." இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஒரே அளவாம். சம்பளக்காரரிடமும் வியாபாரியிடமும் அரையாண்டுக்கு ஒரு தடவை வாங்குகிற இந்தத் தொழில் வரியைச் சென்னை மாநகராட்சி 2024இல் மாற்றியதே, அந்தப் பட்டியலை அவர் பார்த்தாரா? அரையாண்டு வருமானம் 21,001 முதல் 30,000 வரை உள்ளவருக்கு 135 ரூபாயாக இருந்தது 180 ஆனது. 45,000 வரை 315 இருந்தது, 425 ஆனது. 60,000 வரை 690 இருந்தது, 930 ஆனது. அதற்கு மேலே 75,000 வரை 1,025, அதையும் தாண்டினால் 1,250. இந்த இரண்டும் ஒரு ரூபாய்கூட அசையவில்லை. அரையாண்டுக்கு 75,000 என்றால் மாதம் 12,500. ஆக, மாதம் பதின்மூன்றாயிரம் வாங்குகிறவரும் 1,250 கட்டுகிறார், ஐந்து லட்சம் வாங்குகிறவரும் 1,250 கட்டுகிறார். கீழே இருக்கிற மூன்று படிக்கும் 35 சதவீதம் ஏற்றினார்கள். மேலே ஏன் ஏறவில்லை?

பில் கலெக்டர் (ஓய்வு):
முப்பத்தோரு வருஷம் வரி வசூலில் இருந்தவன் சொல்கிறேன், கேளுங்கள். அரசியல் சட்டம் 276ஆவது பிரிவு. ஒருவரிடம் ஒரு வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது. 1,250 இரண்டு தடவை கட்டினால் 2,500 ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி வருஷங்களில் வரம்பு 50 ரூபாய், 1950இல் 250, 1988இல் 60ஆவது திருத்தத்தில் 2,500. அதோடு நின்றுவிட்டது. மேயர் நினைத்தாலும் முதலமைச்சர் நினைத்தாலும் ஏற்ற முடியாது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை 25 முதல் 35 சதவீதம் வரை ஏற்ற வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. மாநகராட்சி சட்டப்படி நடந்தது.

அப்புறம், 135க்கு 35 சதவீதம் சேர்த்தால் 182 ரூபாய் 25 காசு. 180 என்பது 33.3 சதவீதம்தான். பொதுவெளியில் எழுதும்போது கணக்கைச் சரியாக எழுதுங்கள்.

மளிகை மூன்றாம் தலைமுறை:
35 என்று சொன்னது மாநகராட்சி, நான் இல்லை. 315 எப்படி 425 ஆனது, 690 எப்படி 930 ஆனது, போட்டுப் பாருங்கள். ரெண்டேகால் ரூபாயைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள், ஐயா. என் கேள்வி அப்படியே இருக்கிறது. மேலே ஏன் ஏறவில்லை?

சம்பளப்பட்டியல் அக்கா:
நான் ஒரு அலுவலகத்தில் சம்பளம் போடுகிறவள். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஆகஸ்ட் சம்பளத்திலும் ஜனவரி சம்பளத்திலும், தொழில் வரி பிடித்து செப்டம்பர் 30க்குள்ளும் மார்ச் 31க்குள்ளும் கட்டுவோம். அந்த இரண்டு மாதமும் ஹவுஸ்கீப்பிங் பிள்ளைகள் சம்பளச் சீட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். "அக்கா, மேனேஜருக்கு எவ்வளவு பிடித்தீர்கள்?" என்று கேட்பார்கள். "1,250" என்பேன். "எனக்கு?" "உனக்கும் 1,250தான்." அந்த முகத்தைப் பார்க்க முடியாது. மளிகை அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. பில் கலெக்டர் சார் சொன்ன 276உம் உண்மைதான்.

பெங்களூரு தம்பி:
இங்கே மாதம் 25,000க்குக் கீழே சம்பளம் இருந்தால் தொழில் வரியே கிடையாது. 2023இல் அந்த வரம்பை 15,000லிருந்து ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு மாதம் 200, 2025இலிருந்து பிப்ரவரியில் மட்டும் 300. மகாராஷ்டிராவிலும் 200, பிப்ரவரியில் மட்டும் 300, கூட்டினால் சரியாக 2,500. டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஹரியானாவிலும் தொழில் வரியே இல்லை. தமிழ்நாட்டில் மாதம் 3,500ஐத் தாண்டினாலே ஆரம்பித்துவிடுகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பில் கலெக்டர் (ஓய்வு):
தம்பி, உங்கள் ஊரில் அந்தப் பணம் எங்கே போகிறது? விதான சவுதாவுக்கு, அதாவது மாநில அரசுக்குப் போகிறது. இங்கே மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் போகிறது. தெருவிளக்கு எரிகிறது என்றால் அதில் இந்தக் காசும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வரி வாங்குகிற இடமும் செலவு செய்கிற இடமும் ஒன்று. நீங்கள் பெங்களூருக்குப் போய்விட்டு நம் ஊரைக் குறை சொல்வது எளிது.

பெங்களூரு தம்பி:
நான் பிழைக்க வந்தவன், ஊரை விட்டு ஓடி வந்தவன் இல்லை. என் வீட்டுச் சொத்து வரியை இன்றைக்கும் தமிழ்நாட்டில்தான் கட்டுகிறேன். நீங்கள் யார் எனக்கு ஊர்ப்பற்று சொல்லிக் கொடுக்க?

மளிகை மூன்றாம் தலைமுறை:
ஊர்ப்பற்றை அப்புறம் பேசுங்கள். நான் நேற்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்து கால்குலேட்டரில் போட்ட கணக்கு இது. ஒவ்வொரு படியிலும் முதல் ரூபாயில் நிற்கிறவர் எத்தனை சதவீதம் கட்டுகிறார்?

அரையாண்டு 21,001க்கு 180 என்றால் 0.86. 30,001க்கு 425 என்றால் 1.42. 45,001க்கு 930 என்றால் 2.07. 60,001க்கு 1,025 என்றால் 1.71. 75,001க்கு 1,250 என்றால் 1.67. மாதம் இரண்டு லட்சம் வாங்குகிறவருக்கு அரையாண்டில் 12 லட்சம், அவர் கட்டும் 1,250 வெறும் 0.1 சதவீதம்.

அதிகச் சுமை யார் தலையில்? மாதம் 7,500 ரூபாயைத் தாண்டியவர் தலையில். என் கடையில் மத்தியானம் வரை கணக்கு எழுத ஒரு பெண் வருகிறாள். சாயங்காலக் கல்லூரியில் படிக்கிறாள். மாதம் எட்டாயிரம் கொடுக்கிறேன், அரையாண்டுக்கு 48,000. முன்பு 690, இப்போது 930. அந்த 240 ரூபாய் அவளுடைய பஸ் காசு. அவள் கையாலேயே அவள் பெயருக்கு எதிரே 930 என்று எழுதினாள். எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சொல்ல ஒன்றும் இல்லை. இந்த இழையில் யாராவது சொல்லுங்கள், அவளுக்கு 240 ஏற்றத் தெரிந்தவர்களுக்கு மேலே ஏன் ஏற்றத் தெரியவில்லை?

பில் கலெக்டர் (ஓய்வு):
276. திரும்பவும் சொல்கிறேன், 276. பத்துத் தடவை கேட்டாலும் 276தான். வரம்பை ஏற்ற வேண்டியது நாடாளுமன்றம். 14ஆவது நிதிக் குழு வருஷத்துக்கு 12,000 ஆக்கச் சொன்னது. 15ஆவது நிதிக் குழு 18,000 ஆக்கச் சொன்னது. டெல்லி அசையவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது உங்கள் எம்.பி.யை. மாநகராட்சியை ஏன் திட்டுகிறீர்கள்?

இன்னொன்று. சென்னையில் 7,500 ரூபாய்க்கு முழுநேர வேலை பார்க்கிறவர் எங்கே இருக்கிறார்? அந்தப் படிகள் எல்லாம் பழைய காலத்துப் படிகள். இன்றைக்குப் பெரும்பாலானவர் 1,250 படியில்தான் இருக்கிறார்கள்.

சம்பளப்பட்டியல் அக்கா:
சார், அரைநாள் வேலைக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் உங்கள் வீட்டு வாசலிலேயே ஆரம்பிக்கலாம். பள்ளிக்கூட ஆயா, தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவர், டியூஷன் எடுக்கிற பெண். பழைய காலத்துப் படி என்றால் அதை எடுத்துவிட வேண்டியதுதானே. ஆளே இல்லாத படிக்கு எதற்கு 35 சதவீதம்?

பில் கலெக்டர் (ஓய்வு):
33.3.

கணக்கர் திருவல்லிக்கேணி:
எல்லோரும் வரியையும் கட்டணத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். வரி என்றால் பதிலுக்கு உனக்கென்று எதுவும் தரவேண்டியதில்லை. கட்டணம் என்றால் ஏதாவது ஒரு சேவை இருக்க வேண்டும். 1954இல் சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வந்த ஷிரூர் மட வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டிவிட்டது. தொழில் வரி, வரி. தொழில் உரிமத்துக்குக் கட்டுவது கட்டணம். முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்.

மளிகை மூன்றாம் தலைமுறை:
வழக்கு நம்பரைச் சொல்லி என்னை வாயடைக்கப் பார்க்காதீர்கள், கணக்கரே. பெயர் எதுவானாலும் காசு என் கல்லாவிலிருந்துதான் போகிறது. கடைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு உரிமத்தை மாட்டியிருக்கிறேன், மார்ச் வந்தால் புதுப்பிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு வருஷம் நூறு ரூபாய், அதைப் பதிந்து தருகிற ஆள் வாங்குவது அதைவிட அதிகம். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை. கம்பியில் கோத்து ஈயத்தை நசுக்கி அச்சுக் குத்துவார்கள், பார்த்திருக்கிறீர்களா? ஒரு வருஷம், வேறோர் ஊரில் என் மாமா கடையில், முத்திரை போட வந்தவர் தராசைத் தொடாமலே சீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தராசு ஐம்பது கிராம் குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது. மாமாதான் தேங்காயை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். உங்கள் கணக்குப்படி அது கட்டணம். சேவை எங்கே?

கணக்கர் திருவல்லிக்கேணி:
நான் சொன்னதுக்கும் தேங்காய்க்கும் என்ன சம்பந்தம்?

டூரிங் டாக்கீஸ்:
நீங்கள் 240 ரூபாய்க்கு இவ்வளவு பேசுகிறீர்கள். 2017 ஜூலை மாதத்தை நினைத்துப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். அதன் தலைமேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 30 சதவீதம் என்றார்கள். ஜிஎஸ்டி எல்லா வரியையும் விழுங்கிவிடும் என்று சொன்னவர்கள், உள்ளாட்சி போடும் கேளிக்கை வரிக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். தமிழ்நாடு முழுக்கத் தியேட்டர்களை மூடினோம். என் தியேட்டர் வாசலில் பாப்கார்ன் மெஷினைத் துணி போட்டு மூடிவைத்துவிட்டு நாலு நாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போராடித்தான் அக்டோபரில் புதுத் தமிழ்ப் படத்துக்கு 8 சதவீதத்தில் கொண்டு வந்து நிறுத்தினோம். மளிகைக்காரர்கள் ஒரு நாளாவது கடையைச் சாத்தினார்களா?

பெங்களூரு தம்பி:
தியேட்டர்காரர் வரியைப் பற்றிப் பேசலாமா? 2006இல் படத்துக்குத் தமிழ்ப் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்றார்கள். என்னிடம் ஒரு ரூபாயாவது குறைத்து வாங்கினீர்களா? வரி போனது உங்கள் பைக்கு. வரி வந்தால் மட்டும் அது பார்க்கிறவன் தலையில்.

டூரிங் டாக்கீஸ்:
அந்தச் சலுகை தயாரிப்பாளருக்கும் விநியோகஸ்தருக்கும் போனது. எங்கள் ஊரில் மூன்று தியேட்டர் கல்யாண மண்டபம் ஆகிவிட்டது, அதையும் எழுதுங்கள். தமிழ்ப் பெயர் வைத்ததில் உங்களுக்கு என்ன கோபம்?

பெங்களூரு தம்பி:
தமிழ்ப் பெயரில் எனக்குக் கோபம் இல்லை. டிக்கெட் விலையில்தான் கோபம்.

மளிகை மூன்றாம் தலைமுறை:
சினிமாவை நிறுத்துங்கள். நான் கடையைச் சாத்தினேனா என்று கேட்டவருக்கு: அரிசி பருப்புக் கடையை நாலு நாள் சாத்தினால் தெருவே பட்டினி. உங்கள் தொழில் வேறு, என் தொழில் வேறு.

இப்போது பில் கலெக்டர் ஐயாவுக்கு. 276, 276 என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே, ஒன்று கேட்கிறேன். 1,250ஐத் தாண்டக் கூடாது, ஒப்புக்கொண்டேன். அதற்குக் கீழே 1,025 இருக்கிறது. மாதம் பத்தாயிரத்திலிருந்து பன்னிரண்டரை வரை வாங்குகிறவர் படி. அதற்கும் வரம்புக்கும் நடுவில் 225 ரூபாய் இடம் இருந்தது. அங்கே ஏன் கை வைக்கவில்லை? உங்கள் 276 அதைத் தடுத்ததா? எட்டாயிரம் வாங்குகிறவளிடம் 240 எடுக்க முடிந்தது, பத்தாயிரத்துக்கு மேல் வாங்குகிறவரிடம் 225 எடுக்க முடியவில்லையா? அவரிடமும் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இவளையும் அதே மாதிரி விட்டிருக்கலாமே என்கிறேன்.

சம்பளப்பட்டியல் அக்கா:
இது சரியான கேள்வி. நான் இத்தனை வருஷம் பட்டியல் போட்டும் இதைக் கவனிக்கவில்லை.

பில் கலெக்டர் (ஓய்வு):
1,025க்கு 35 சதவீதம் சேர்த்தால் 1,383 வரும். வரம்பைத் தாண்டும். அதனால் தொடவில்லை.

மளிகை மூன்றாம் தலைமுறை:
25 சதவீதம் சேர்த்தாலும் 1,281, அதுவும் தாண்டும். தெரியும், போட்டுப் பார்த்துவிட்டேன். அதாவது சட்டம் சொன்ன அளவுக்கு ஏற்ற முடியாதவரை விட்டுவிட்டீர்கள், ஏற்ற முடிந்தவரிடம் உச்ச அளவுக்கே போய்விட்டீர்கள். கீழ்ப்படிக்குக் குறைந்தபட்சம் 25 என்று நிறுத்தியிருக்கலாமே. 690க்கு 25 சேர்த்தால் 862 ரூபாய் 50 காசு. என் கடைப் பெண்ணுக்கு அறுபத்தேழரை ரூபாய் மிஞ்சியிருக்கும். யார் தடுத்தது?

கணக்கர் திருவல்லிக்கேணி:
பழைய வருமான வரி முறையில் சம்பளக்காரர் தொழில் வரியைக் கழித்துக்கொள்ளலாம், புதிய முறையில் அது கிடையாது. அதையும் யாராவது பேசலாம்.

மளிகை மூன்றாம் தலைமுறை:
எட்டாயிரம் வாங்குகிறவள் வருமான வரியா கட்டுகிறாள்? வேண்டாம் கணக்கரே, போதும்.

டூரிங் டாக்கீஸ்:
எனக்குப் பதில் சொல்லாமல் போகிறார் பெங்களூரு தம்பி. தமிழ்ப் பெயர் விஷயத்தை நான் விடப்போவதில்லை.

பில் கலெக்டர் (ஓய்வு):
மளிகைக்காரரே, வெயிலில் சைக்கிள் மிதித்து வீடு வீடாக ரசீதுப் புத்தகத்தோடு நின்றவன் நான். கார்பன் தாள் வைத்து எழுதி எழுதி விரல் நுனி நீலமாகவே இருக்கும். ஒரு நாள்கூட யாரிடமும் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கியதில்லை. நீங்கள் பேசுவதைப் பார்த்தால் நானே அந்தப் பெண்ணிடம் பிடுங்கிய மாதிரி இருக்கிறது. உங்கள் அறுபத்தேழரை ரூபாய்க்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் மூன்று படிக்கும் 35 என்று முதல் பதிவில் எழுதியதைத் திருத்துங்கள். 180 என்பது 33.3.

மளிகை மூன்றாம் தலைமுறை:
திருத்த மாட்டேன். நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள்.