பால் போத்தல் மூடியில் நீங்கள் பார்த்தது என்ன? அனுபவங்களைப் பகிருங்கள்

பிறை மோல்டுக்காரன்

பதினோரு வருடமாக மலேசியாவில் பினாங்குப் பக்கம் பிறை என்ற ஊரில் பிளாஸ்டிக் மோல்டு, அதாவது அச்சு வேலை பார்க்கிறேன். சாஸ் போத்தல், எண்ணெய்ப் போத்தல், ஷாம்பூ போத்தல் மூடியெல்லாம் நிறையச் செய்தாயிற்று. பால் போத்தல் மூடி ஒரே ஒரு தடவைதான் செய்தேன், அதுதான் இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது.

புக்கிட் மெர்தாஜாம் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஓர் அண்ணன் ஒரு லிட்டர் போத்தலுக்கு 38 மில்லிமீட்டர் திருகு மூடி கேட்டார். வழக்கமான அமைப்புதான், திறந்தால் பிய்ந்து கழுத்தில் தங்கிவிடும் வளையம், மூடிக்கு உள்பக்கம் போத்தல் வாய்க்குள் இறங்கி அடைக்கும் ஒரு மெல்லிய உதடு. தண்ணீர் நிரப்பி ஓர் இரவு முழுக்கத் தலைகீழாக நிறுத்தி வைத்தோம், கீழே விரித்த தாள் காய்ந்தே கிடந்தது. சரி என்று கொடுத்துவிட்டோம்.

மூன்றாவது வாரம் போன். "தம்பி, ஒரு நடை வந்துட்டுப் போங்க." போனேன். அவருடைய அம்மா கொட்டகைத் திண்ணையில் ஒரு போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசாமல் மூடியைத் திருகி எடுத்தார், கழுத்தில் கிடந்த வளையத்துக்கு அடியில் சுண்டுவிரல் நகத்தை விட்டு ஒரு சுற்று ஓட்டினார், அதை அப்படியே என் மூக்குக்கு நேராக நீட்டினார். நகத்தில் மஞ்சளாக ஒரு கசடு, புளித்த நாற்றம். "இதைத் தாண்டித்தானே தம்பி பாலு பிள்ளைங்க வாய்க்குப் போவுது?" என்று கேட்டார்.

காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தோம். போத்தலை ஊதி எடுக்கும்போது அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில், வாய் விளிம்பின் மேல் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு நின்றிருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் மூடியின் உதடு ஒட்டவில்லை. நாங்கள் சோதித்தது அறைச் சூட்டில், அசையாத மேசை மேல். பால் போவதோ 4 டிகிரியில், வேனில் குலுங்கிக்கொண்டு. குளிரில் மூடி ஓர் அளவுக்குச் சுருங்குகிறது, போத்தல் வேறோர் அளவுக்குச் சுருங்குகிறது. சொட்டாக ஒழுகியிருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். கசிந்தது வெறும் ஈரம், அதை வளையம் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. பாதுகாப்புக்கென்று நான் வரைந்து கொடுத்த வளையம் அது.

உங்களில் யாருக்காவது இப்படி ஏதாவது உண்டா?

செந்தூல் பேத்தி

அண்ணா, அந்தப் பண்ணைக்கார அம்மாவின் நகம் என்றதும் எனக்கு என் பாட்டியின் மூக்குதான் ஞாபகம் வந்தது.

பாட்டி கோலாலம்பூர் செந்தூலில் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றினவர். காலி பீர் போத்தல்தான் பால் போத்தல், வாழையிலையைச் சுருட்டி வாயில் திணித்தால் அதுதான் மூடி. வீடுகளிலிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு போத்தலையும் முகர்ந்து பார்த்த பிறகுதான் கழுவப் போடுவார். சனங்கள் காலிப் போத்தலில் எதை வேண்டுமானாலும் ஊற்றி வைத்துவிட்டுத் திருப்பித் தருவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு அப்போது ஏழு வயது. பாட்டிக்குக் கடுமையான சளி, மூக்கு அடைத்துவிட்டது. "நீ மோந்து பாருடி" என்று விடியற்காலையில் என்னை எழுப்பி உட்கார வைத்தார். நான் தூக்கக் கலக்கத்தில் ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய் "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அதில் ஒன்றில் மண்ணெண்ணெய் இருந்திருக்கிறது. எட்டு மணிக்கு ஒருவர் போத்தலோடு வந்து நின்றார். பாட்டி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, என்னையும் திட்டவில்லை. அன்றைக்குப் பால் போட்ட எல்லா வீட்டுக்கும் நடந்தே போய், இலையை உருவி எடுத்து, வீட்டுக்காரர்களையே முகர்ந்து பார்க்கச் சொன்னார். நான் பின்னாலேயே போனேன். கடைசி வீட்டில் அவர் கையிலிருந்த அந்த ஈரமான வாழையிலைச் சுருள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், மூடியை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் அடியில் இருக்கும் போத்தல் யார் கையிலிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

பங்சார் அப்பா

மேலே சொன்னதை முழுவதும் ஏற்க முடியவில்லை. திரும்பி வரும் போத்தலில் இன்று எத்தனை பேர் பால் வாங்குகிறோம்? என் கவலை கடை அலமாரியில்.

போன வருடம் மகளுக்கு இரண்டு வயது. பேரங்காடியில் பால் பகுதியில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா ஒரு போத்தலை எடுத்தார், மூடியைத் திருகினார், வாயருகே மூக்கை வைத்து நன்றாக இழுத்து முகர்ந்தார், பிறகு மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பால் நல்லதா என்று பார்த்திருக்கிறார், செந்தூல் பாட்டி பார்த்தது போலவே. ஆனால் அவர் மூக்கு விளிம்பில் பட்டதை நான் பார்த்தேன்.

கடைப் பையனைக் கூப்பிட்டேன். அவன் மூடியைப் பார்த்தான், வளையம் பிய்யவே இல்லை. திருகினால் பிளாஸ்டிக் இழுபட்டு மேலே வருகிறது, திரும்ப அழுத்தினால் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது. "சீல் இருக்குதே அண்ணே" என்று சொல்லிவிட்டு அதை மற்றப் போத்தல்களோடு வரிசையில் சேர்த்துத் தள்ளினான். பத்துப் போத்தல் ஒரே மாதிரி, எது அந்தப் போத்தல் என்று எனக்கே தெரியவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன். அன்று வேறு யார் வாங்கியிருப்பார்கள் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

பிறை அண்ணா, திறந்தால் திறந்ததாகக் காட்டாத வளையம் எதற்கு? மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் ஒட்டினால் என்ன?

கெப்போங் கியூசி

நான் பால் நிரப்பும் ஆலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவன். என் அனுபவம் சின்னது. அலுமினியத் தாள் ஒட்டும் வரிசையில் ஒரு நாள் கைக்கு வந்த போத்தலைச் சும்மா பிதுக்கினேன், தாளின் ஓரத்தில் ஒரே ஓர் இடத்தில் கடுகு அளவு பால் முத்து எழும்பியது. வரிசையை நிறுத்தினேன். நிறுத்தியதற்கு முன் எத்தனை போனது என்று யாருக்கும் தெரியாது, அதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது.

பங்சார் தம்பி, தாள் ஒட்டினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தாள் முதலிலேயே மூடிக்குள் இருக்கும். மூடியைத் திருகிய பிறகு போத்தல் ஒரு மின்சுருளுக்கு அடியில் போகும், மின்காந்தப் புலத்தில் அலுமினியம் சூடேறி, அதன் அடியில் பூசிய பிளாஸ்டிக் உருகி விளிம்பில் ஒட்டும். மூடி தளர்வாக இருந்தால் அழுத்தம் போதாது, ஒட்டாது. விளிம்பில் பால் பட்டு ஈரமாக இருந்தால் அந்த இடத்தில் ஒட்டாது. போத்தல் ஒரு வகைப் பிளாஸ்டிக், தாளின் பூச்சு வேறு வகை என்றால் ஒட்டியது போல இருந்து கழன்றுவரும். மோல்டுத் தம்பி சொன்ன அந்தத் தலைமுடிக் கோடு இருந்தால் தாளும் அங்கே தோற்கும்.

விளிம்புதான் விஷயம், இதை நூறு வருடத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். அமெரிக்காவில் 1889ல் காப்புரிமை பெற்ற காகித வட்ட மூடி போத்தல் வாய்க்குள் ஒரு படியில் உட்காரும். ஓட்டை அடைபட்டது, ஆனால் பால் வழிந்து ஊற்றும் விளிம்பு முழுக்கத் திறந்தே கிடந்தது, தூசியும் ஈயும் கையும் அதன் மேல்தான். பிறகு வந்த நல்ல மூடிகளெல்லாம் விளிம்பையும் சேர்த்துக் குல்லா போலப் போர்த்தியவை. அலுமினியத் தாள் மூடியும் அப்படிப்பட்டதுதான். அதிலும் ஒரு குறை, இங்கிலாந்தில் வாசலில் வைத்த போத்தலைக் குருவிகள் கொத்தித் திறந்து பாலாடையைக் குடித்தன. 1921லேயே சௌதாம்ப்டன் பக்கம் அதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள், அப்போது இருந்தது அட்டை மூடி, பின்னால் தாள் மூடியையும் விடவில்லை. பிற்காலத்தில் காக்கை இனப் பறவைகள் கொத்திய போத்தலிலிருந்து காம்பிலோபாக்டர் கிருமி மனிதர்களுக்குத் தொற்றியதையும் கண்டுபிடித்தார்கள். பால் ஆலையில் சுத்தம், மூடியும் சுத்தம், கடைசியில் வாசற்படியில் கெட்டது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வளையம் மூடியோடு இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். தாள் மேல்நோக்கி உப்பியிருந்தால் உள்ளே ஏதோ வளர்ந்து வாயு விட்டிருக்கலாம், எடுக்காதீர்கள். தாளைப் பல்லால் கடித்து இழுக்காதீர்கள், பாதி கிழித்து மடித்துவிட்டு ஊற்றாதீர்கள், மடிப்பில் பால் தங்கும், முழுதாக உரித்துவிடுங்கள். மூடியைச் சமையல் மேடை மேல் கவிழ்த்து வைக்காதீர்கள், உள்பக்கம் மேலே பார்க்கட்டும். ஐஸ் பெட்டிக் கதவில் பாலை வைக்கும் வழக்கத்தை விடுங்கள், கதவைத் திறக்கத் திறக்க அங்கேதான் முதலில் சூடேறும். மாட்டுக்காரரிடம் நேராக வாங்கும் பச்சைப் பால் என்றால் மூடி எதுவானாலும் காய்ச்சியே ஆக வேண்டும். ஆலையில் 72 டிகிரியில் 15 வினாடி வைக்கிறோம் என்றால் சும்மா இல்லை. மினரல் தண்ணீர் போத்தலில் பால் வாங்குவதையும் நிறுத்துங்கள், அந்த மூடியின் திருகுப் புரிக்குள் பிரஷ் போகாது.

செந்தூல் பேத்தி

ஐயா, சொன்னதெல்லாம் உபயோகமானது, வணக்கம். ஆனால் மினரல் போத்தலை விடுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். பத்து வீட்டுக்கு மோட்டாரில் பால் போடும் ஓர் அக்காவுக்குப் புதுப் போத்தல், புது மூடி, மின்சுருள் எல்லாம் எங்கிருந்து வரும்? என் பாட்டிக்கு வாழையிலை கிடைத்தது, அது ஒரு நாளைக்கு ஒன்று, திரும்ப உபயோகிக்கவே மாட்டார். மலிவாக, ஒரே தடவை உபயோகித்துத் தூக்கிப் போடக்கூடிய மூடி என்ற பேச்சை யாராவது எடுங்கள்.

தண்ணீர்மலை மகள்

இது போத்தல் கதை இல்லை, பால்குடம். ஆனாலும் இங்கேதான் சொல்லத் தோன்றுகிறது.

அம்மா எனக்காக வேண்டிக்கொண்டு பினாங்கு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார். விடியுமுன் பச்சைப் பால் வாங்கி, குடத்தின் வாயை வாழையிலையால் மூடி, மேலே மஞ்சள் துணி போட்டு நூலால் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டியது நான்தான். அன்று கூட்டம் நகரவே இல்லை. தண்ணீர்மலை அடிவாரத்துக்கு வரும்போதே வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. மேலே சந்நிதியில் ஐயர் நூலை அறுத்து இலையை எடுத்துச் சாய்த்தார். பால் வரவில்லை. ஒரு கணம் கழித்துக் கட்டி கட்டியாக விழுந்தது.

ஐயர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த குடத்தை வாங்கிக்கொண்டார். அம்மா இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று அழுதார். முருகன் ஏற்கவில்லை என்றே கடைசிவரை நம்பினார். நான் கட்டிய கட்டில் குறை என்று எனக்கு நானே வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டேன். கட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. கிருமி பாலுக்குள்ளேயே இருந்தது, வெயில் வளர்த்துவிட்டது, மேலே எப்படிக் கட்டியிருந்தாலும் அதைத் தடுத்திருக்காது. இதை அம்மா இருக்கும்போது யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

இப்போது நான் எடுக்கும்போது ஆலையில் காய்ச்சிய பாலை ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுபோய், அடிவாரத்தில் போத்தலின் சீல் பிரித்துக் குடத்தில் ஊற்றிக் கட்டுகிறேன். சித்தி அது முறையில்லை என்று சொல்கிறார்.

பங்சார் அப்பா

அக்கா, முறைதான். தயவுசெய்து அப்படியே செய்யுங்கள்.

பிறை மோல்டுக்காரன்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். கியூசி ஐயா, நீங்கள் விளிம்பு என்று சொன்னது எனக்கு அந்தக் கொட்டகையில்தான் புரிந்தது.

விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். போத்தல் செய்பவரிடம் பேசி, ஊதி எடுத்த பிறகு வாயைச் சமமாகச் சீவித் தரச் சொன்னோம், கோடு போய்விட்டது. மூடியின் உதட்டை அரை மில்லிமீட்டர் நீட்டினேன். வளையத்தில் நாலு இடத்தில் பிளவு விட்டேன், நிரப்பிய பிறகு கழுத்தில் தண்ணீர் அடித்தால் உள்ளே போய்க் கழுவிக்கொண்டு வெளியே வரும். வளையத்தையும் மூடியையும் இணைக்கும் பாலங்களை மெல்லியதாக்கினேன், பங்சார் நண்பர் சொன்னது போல இழுபட்டுத் திரும்ப உட்காராமல் கால் திருகலிலேயே பிய்கிறது. இந்தத் தடவை தண்ணீரில் சோதிக்கவில்லை. பாலை நிரப்பி 4 டிகிரியில் வைத்து, அண்ணனுடைய வேனிலேயே ஏற்றிப் பட்டர்வொர்த் வரைக்கும் போய்த் திரும்பினோம்.

செந்தூல் தங்கச்சி, மலிவு மூடிக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு மோல்டுக்கு ஆகும் பணத்தைப் பத்து வீட்டுப் பாலில் எடுக்க முடியாது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே கழுத்து அளவுப் போத்தல் வாங்கினால் மூடி விலை இறங்கும். அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள், வரைபடத்துக்கு நான் காசு வாங்க மாட்டேன்.

புது மூடி போட்ட போத்தலை அந்த அம்மாவிடம் கொண்டுபோனேன். மடியில் வைத்தார், திருகினார், நகத்தை விட்டு ஒரு சுற்று ஓட்டினார், முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. "மொத நாளும் இப்படித்தான் தம்பி இருந்துச்சு" என்றார். "மூணு வாரம் போவட்டும், அப்புறம் வாங்க."

வரும் ஞாயிற்றுக்கிழமையோடு மூன்று வாரம் ஆகிறது. போகிறேன்.