வேலைக்கும் துப்பாக்கிக்கும் பெயர்ப் பொருத்தம்: உங்கள் அனுபவம் என்ன?

கொலம்பஸ்_குமாரு:
நம்ம ஊரில் கல்யாணத்துக்குத்தான் பெயர்ப் பொருத்தம் பார்ப்பார்கள். இங்கே அமெரிக்காவில் வேலைக்கும் பார்க்கிறார்கள், துப்பாக்கிக்கும் பார்க்கிறார்கள். ஒரே மாதத்தில் இரண்டிலும் மாட்டிக்கொண்டேன்.

என் கடைசிப் பெயர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான். முதல் வேலையில் யாரோ அதைத் தலைகீழாக ஏற்றிவிட்டார்கள். வங்கியில் ஒரு மாதிரி, லைசென்ஸில் ஒரு மாதிரி. இப்போது புது வேலைக்கு, ஆளின் பழைய விவரங்களைச் சோதிக்கும் பேக்ரவுண்ட் செக் படிவத்தில் ‘இதுவரை பயன்படுத்திய வேறு பெயர்கள்’ என்று கேட்டிருந்தார்கள். யோக்கியனாக ஐந்தையும் எழுதினேன். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் ‘மாற்றுப் பெயர்கள்’ என்று ஐந்தும் வரிசையாக நிற்கின்றன. கடத்தல்காரன் ஜாதகம் மாதிரி இருந்தது.

மூன்றாம் பக்கத்தில்தான் வினை. இங்கே ஓஹையோவிலேயே வேறொரு கவுண்டியில், கடையில் திருடியதாக ஒரு கே. குமார் மேல் கேஸ். பிறந்த வருஷம் மட்டும் ஒத்துப்போகிறது. எச்ஆரிலிருந்து கடிதம் வந்தது: இதன் அடிப்படையில் உங்களை வேண்டாம் என்று சொல்ல வாய்ப்புண்டு, ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும். 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி மறுப்பதற்கு முன்பே ரிப்போர்ட் நகலைக் கொடுத்தாக வேண்டும். ஆட்சேபித்தால் அதைத் தயாரித்த ஏஜென்சி 30 நாளில் சரிபார்க்க வேண்டும். ஆனால் அந்த 30 நாளும் வேலையைப் பிடித்து வைத்திரு என்று கம்பெனியைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை.

பொறுமை இல்லாமல் அந்தக் கோர்ட்டுக்கே காரை எடுத்துக்கொண்டு போனேன். கிளார்க் அம்மா கேஸ் தாளை அச்செடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அதில் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். நான் செருப்போடு சேர்த்து ஐந்தடி ஐந்து. சிரித்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தார்.

இதற்கு நடுவில் தெருவில் இரண்டு வீட்டில் திருட்டு. நண்பன் சொல்லி ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். 4473 என்கிற படிவத்தை நிரப்பியதும் கடைக்காரர் துப்பாக்கி வாங்குகிறவர்களைச் சோதிக்கும் எஃப்பிஐயின் நிக்ஸ் கணினியில் கேட்டார். பதில்: ‘தாமதம்’. அடப்பாவி குமாரு, இங்கேயும் வந்துட்டியா என்று நினைத்துக்கொண்டேன். எந்தக் குமாரு என்று அவர்கள் சொல்லவில்லை. கடைக்காரரோ கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. “மூன்று வேலை நாள் போகட்டும். பதில் வராவிட்டாலும் தருவதற்குச் சட்டம் எனக்கு அனுமதி தருகிறது” என்றார்.

சம்பளம் வாங்க முப்பது நாள், அதுவும் உத்தரவாதமில்லை. துப்பாக்கி வாங்க மூன்று நாள். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்ததா?

எடிசன்_அக்கா:
மூன்று நாளா! நியூ ஜெர்சிக்கு வந்து பாருங்கள் தம்பி. முதலில் போலீஸிடம் துப்பாக்கி வாங்குவதற்கான அடையாள அட்டை வாங்க வேண்டும். கைரேகை, மனநல ஆவணங்களைத் தேடச் சம்மதக் கையெழுத்து, போதாக்குறைக்கு நம்மைத் தெரிந்த இரண்டு பேர். எங்கள் வீட்டுக்காரர் கோயில் நண்பர் ஒருவர் பெயரைக் கொடுத்துவிட்டு, அவரிடம் சொல்ல மறந்துவிட்டார். போலீஸிடமிருந்து கடிதம் போனதும் அவர் எனக்குப் போன் போட்டு, “அண்ணி, அண்ணனுக்கு என்ன ஆச்சு? வீட்டில் எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. அட்டை வருவதற்குள் இவருக்கு ஆசையே போய்விட்டது.

சார்ல்ஸ்டன்_வாசி:
அந்த மூன்று நாள் விஷயத்தைச் சிரித்துவிட்டுப் போக என்னால் முடியாது. 2015 ஜூனில் எங்கள் ஊர் இமானுவேல் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவன் இப்படித்தான் துப்பாக்கி வாங்கினான். போதைப்பொருள் வழக்கில் அவன் ஒப்புக்கொண்டிருந்த விவரம் கிடைத்திருந்தால் மறுத்திருப்போம் என்று எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி பிறகு சொன்னார். கைது செய்த போலீஸ் எது என்பது ஆவணத்தில் தப்பாக இருந்ததால் சோதிக்கிறவர் வேறு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் மூன்று நாள் முடிந்தது. குமாரு சார், உங்களை நிறுத்தியதும் அதே கணினிதான். உங்களைச் சும்மா நிறுத்தியது, அவனை விட்டுவிட்டது. ஆனாலும் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

டல்லாஸ்_மதுரக்காரன்:
நான் எச்1பி என்கிற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறேன். ஆபீஸ் ஆட்களோடு துப்பாக்கி சுடும் இடத்துக்குப் போய்ப் போய் ஆசை வந்துவிட்டது. கடையில் விசாவைச் சொன்னதும் தலையாட்டிவிட்டார்கள். தற்காலிக விசாக்காரன் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். அப்புறம் அவரே, “வேட்டை லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வா, அப்போது பரவாயில்லை” என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படி ஒரு விலக்கு இருக்கிறது! கோழி அறுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் நான். இதில் பக்கத்து வீட்டுத் தாத்தா, தன்னிடம் இருப்பதை எந்தச் சோதனையும் இல்லாமல் விற்கலாம் என்றார். டெக்சாஸில் தனியாள் விற்பனைக்குச் செக் கிடையாது என்பது உண்மைதான், ஆனால் என் விசாவுக்கு அது ஜெயிலில் கொண்டுபோய் விட்டுவிடும். தம்பிகளே, உஷார்.

எச்ஆரில்_ஒருத்தி:
திட்டு வாங்கவே வந்திருக்கிறேன், திட்டிவிடுங்கள். பேக்ரவுண்ட் செக் முடிவாக எங்களுக்கு வருவது பச்சை (சிக்கலில்லை), மஞ்சள் (ஏதோ இருக்கிறது) என்று ஒரு நிறம்தான். மஞ்சளைப் பார்த்தவுடன் மேனேஜர் அடுத்த ஆளைக் கேட்பார். பெயரை மட்டும் வைத்துப் பொருத்துவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2021-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ராமிரெஸ் வழக்கைப் பாருங்கள். கலிபோர்னியாவில் கார் வாங்கப் போனவரின் கடன் விவர ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, பயங்கரவாதிகள் பட்டியலில் உங்கள் பெயர் பொருந்துகிறது என்று விற்க மறுத்தார்கள். முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒத்துப்போனதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. இதே மாதிரி மாட்டியவர்கள் 8,185 பேர். யாருடைய ரிப்போர்ட் வெளியே போனதோ அந்த 1,853 பேருக்குத்தான் நஷ்ட ஈடு கேட்க உரிமை என்று தீர்ப்பு.

இன்னொன்று. விண்ணப்பத்தில் ‘தண்டனை பெற்றதுண்டா’ என்ற கேள்வியை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் சுமார் 15,000 போலி விண்ணப்பங்களை அனுப்பி இரண்டு பேராசிரியைகள் சோதித்தார்கள். கேள்வியை எடுத்த கம்பெனிகளில், கறுப்பினப் பெயரைவிட வெள்ளைப் பெயருக்கு 7 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்துகொண்டிருந்தது 43 சதவீதமானது. தாளில் இல்லாததைப் பெயரிலிருந்து ஊகித்துக்கொள்கிறார்கள். அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறவள் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

வேளச்சேரி_டு_சியாட்டில்:
என் கேஸில் குற்றமே இல்லை, கம்பெனிதான் இல்லை. சென்னையில் நான் முதலில் வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். சரிபார்க்கிறவர் அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் ஒரு புடவைக் கடையில் எடுக்கிறார்கள். ஃபார்ம் 16-ம் பி.எஃப். பாஸ்புக்கும்தான் காப்பாற்றின. பழைய காகிதம் எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

குமாரு, துப்பாக்கிச் சோதனையில் அடிக்கடி தாமதமானால் எஃப்பிஐக்குக் கைரேகை அனுப்பித் தனி எண் வாங்கலாம். அடுத்த தடவை படிவத்தில் அந்த எண்ணையும் எழுதினால் ஆள் மாறாது.

கொலம்பஸ்_குமாரு:
கேட்ட எல்லாருக்கும்: வேலை கிடைத்துவிட்டது, இரண்டு வாரம் தாமதமாக. கோர்ட் தாளைப் பார்த்ததும் கம்பெனி இறங்கி வந்தது. கடைக்காரர் ஐந்தாம் நாள் போன் செய்து, பதில் இன்னும் வரவில்லை, வந்து எடுத்துக்கொள் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதாவது, வீட்டில் சொல்லச் சொன்னார்கள்.

திருத்திய ரிப்போர்ட் நேற்றுத்தான் வந்தது. திருட்டுக் கேஸை எடுத்துவிட்டார்கள். திருத்தும்போது என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். மாற்றுப் பெயர்கள் இப்போது ஆறு.