ராட் மூட்டு கழன்று மாட்டிக்கொண்ட கதைகள்

கனடாவின் கால்கரியில் இருந்து எழுதுகிறேன். ஃபிளை ஃபிஷிங் (பூச்சி மாதிரி கட்டிய தூண்டில் முள்ளை, அதாவது ஃபிளையை, வீசி மீன் பிடிப்பது) தொடங்கி இரண்டாவது வருஷம், ஆகஸ்ட் மாதம், போ (Bow) ஆற்றில் படகில் இறங்கியிருந்தேன். 9 அடி, 5 வெயிட் (வீசும் லைனின் எடை எண்), நான்கு துண்டாகச் சேர்க்கும் ராட், அதாவது தூண்டில் கம்பு. வெட்டுக்கிளி மாதிரி கட்டிய ஃபிளையைக் கரையோரமாக வீசிக்கொண்டே போனோம். காலை எட்டு மணிக்கு ராடைச் சேர்த்தேன். அதோடு சரி, திரும்பிப் பார்க்கவில்லை.

மதியத்துக்கு மேல் ஒவ்வொரு வீச்சுக்கும் 'டிக்' என்று ஒரு சின்ன சத்தம். ரீல்தான் ஆடுகிறது என்று நினைத்து அதைத் திருகித் திருகிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் நுனித்துண்டு கழன்று, லைன் வழியே சறுக்கிப் போய்த் தண்ணீரில் விழுந்தது. சிரித்துக்கொண்டே எடுத்து மாட்டினேன். அப்புறம் ஒரு ரெயின்போ டிரவுட் கடித்தது. சாண் ஒன்றரை இருந்தால் அதிகம். ராடைத் தூக்கினேன், 'படக்'. மேலிருந்து இரண்டாவது துண்டின் வாய் (அடுத்த துண்டின் முனை நுழையும் வெளிக்கூடு), மூங்கில் பிளக்கிற மாதிரி நீளவாக்கில் பிளந்திருந்தது.

இத்தனூண்டு மீனா ராடை உடைத்தது என்று பழைய ஆட்களிடம் புலம்பினேன். மீன் இல்லை, மூட்டுதான் என்றார்கள். உள்ளே போகும் முனை முழுசாக இறங்கியிருந்தால் வளையும் பாரம் மூட்டு முழுக்கப் பரவும். அரை அங்குலம் வெளியே வந்துவிட்டால் போதும், மொத்த அழுத்தமும் வெளிக்கூட்டின் மெல்லிய விளிம்பில் விழும். கிராஃபைட் வளையும், ஆனால் அப்படி நெம்பினால் பிளந்துவிடும். வீச வீச மூட்டு தானாகத் தளர்வது சகஜம். 'டிக்' சத்தம் அதைத்தான் சொல்லியிருக்கிறது. நான் ரீலைத் திருகிக்கொண்டு இருந்தேன்!

இப்போது சேர்க்கும்போது வளையங்களை (லைன் ஓடுவதற்காக ராடில் கட்டியிருப்பவை) நேராக வைப்பதில்லை. கால் சுற்று தள்ளி வைத்து, அழுத்திக்கொண்டே நேருக்குத் திருப்புகிறேன். ஒரு மணிக்கு ஒரு தரம், இடம் மாறும்போது ஒரு தரம், மூன்று மூட்டையும் கையால் தடவி அழுத்திப் பார்க்கிறேன். உள்முனையில் சாதாரண வெள்ளை மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து, விரலால் வழித்துவிடுவேன். அதற்கு முன்னால் துணியால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் மணலும் மெழுகும் சேர்ந்து உப்புத்தாள் ஆகிவிடும். எண்ணெய், வாசலின் பக்கம் போகவே வேண்டாம், மூட்டு வழுக்கிக்கொண்டு வரும்.

*

அண்ணா, நான் ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கம். இங்கே சால்மனுக்கு இரண்டு கையால் பிடிக்கும் 14 அடி ராட். ஸ்பே வீச்சில் (லைனைப் பின்னால் முழுக்க வீசாமல், தண்ணீரைத் தொட்டுச் சுழற்றி முன்னால் வீசுவது) ராட் வளைவதோடு நிற்காது, முறுக்கவும் செய்யும். அதனால் எவ்வளவு அழுத்திச் சேர்த்தாலும் மூட்டு சுற்றிக்கொண்டு வந்துவிடும். முதல் சீசனில் மத்தியானம் பார்த்தால் மேல் வளையங்கள் கிழக்கே, கீழ் வளையங்கள் வடக்கே. இங்கே பெரும்பாலும் எல்லோரும் மூட்டின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுவார்கள். மூட்டுக்குக் கீழே தொடங்கி, சாய்வாக மேலே ஏறி, மறுபடி கீழே வந்து முடிப்பேன். கடைசி அரை அங்குலத்தை மடித்து ஒட்டாமல் விட்டுவிடுங்கள். பிப்ரவரித் தண்ணீரில் நின்று விரல் மரத்த பிறகு, டேப்பின் நுனியை நகத்தால் தேடிப் பாருங்கள், அப்போது புரியும்.

ராத்திரியே டேப்பை உரித்துவிடுவேன். ஒரு வாரம் விட்டால் பிசின் ராடிலேயே தங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கக் கூடாது என்று சட்டம். அன்றைக்குத்தான் என் ராடுக்கு எண்ணெய்க் குளியல் மாதிரி (எண்ணெய் இல்லாமல்!) துடைப்பு, உலர்த்தல், மெழுகு எல்லாம்.

*

அவசரம். ஈரத்தோடு சேர்த்தபடியே இரண்டு நாள் வைத்துவிட்டேன், மூட்டு பிரிய மாட்டேன் என்கிறது. குறடு வைத்துத் திருகலாமா?

*

கால்கரிதான் மறுபடி. ஐயோ, குறடு வேண்டாம் தம்பி! வளையத்தைப் பிடித்தும் திருகாதீர்கள், பிய்ந்து கையோடு வரும். குந்தி உட்கார்ந்து, ராடை முழங்காலுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, மூட்டுக்கு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, கையால் இழுக்காமல் முழங்கால்களை அகட்டுங்கள். நேராகத்தான் இழுபடும், கோணாது. வரவில்லையென்றால் மூட்டின் மேல் கொஞ்ச நேரம் ஐஸ் வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். இன்னொருவர் இருந்தால், இருவரும் ஆளுக்கு ஒரு கையை மூட்டின் ஒவ்வொரு பக்கமும் வைத்து ஒரே நேரத்தில் இழுக்கலாம்.

*

குன்னூரில் இருந்து. உங்களுடையது எல்லாம் கிராஃபைட். என் மாமனார் எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்து மூங்கில் ராட் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. ஆறு சிம்பு ஒட்டிச் செய்தது, மூட்டு நிக்கல் சில்வர். அவலாஞ்சியில் 1907-இல் மீன் பண்ணை வந்ததிலிருந்து நீலகிரி ஓடைகளில் டிரவுட் உண்டு. மாமனார் பர்மிட் வாங்கிக்கொண்டு போய் வருவாராம். இந்த ராடைப் பிரிக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் வந்தால்தான் மூட்டு நல்ல மூட்டு என்பார். திருகவே கூடாது, நேராகத்தான் இழுக்க வேண்டும் என்பதும் அவர் கண்டிப்பு. திருகினால் உலோகத்துக்கும் மூங்கிலுக்கும் நடுவில் உள்ள பசை விட்டுவிடும்.

அவர் போன பிறகு சில வருஷம் கழித்து எடுத்தேன். உள்முனை பாதிதான் இறங்கியது. உலோகம் கறுத்திருந்தது, களிம்புதான் காரணம் என்று முடிவு கட்டி உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தேன். இறங்கவில்லை. இன்னும் தேய்த்தேன். ஸ்பிரிட் தொட்ட பஞ்சு போதும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. கடைசியில் பேரன் டார்ச் அடித்து வெளிக்கூட்டுக்குள் பார்த்தான். வாய்க்கு அடைப்பான் போடாமல் வைத்திருந்ததால் குளவி உள்ளே மண்கூடு கட்டியிருந்தது. ஊசியால் சுரண்டி எடுத்ததும் முனை சர்ரென்று இறங்கிவிட்டது. இப்போது பிரித்தால் 'டப்' வருவதில்லை. லொடலொட என்று ஆடுகிறது.