கைவிடப்பட்ட கல்குவாரியில் தானே பரவும் தாவரங்கள்: ‘தற்குடியேற்றம்’ என்னும் சொல் குறித்து

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

கைவிடப்பட்ட கல்குவாரியில் எவரும் நடாமலும் விதைக்காமலும் செடிகொடிகள் பரவுவதைக் குறிக்க ‘மீள்தாவரமாக்கம்’, ‘பசுமை மீட்பு’ ஆகிய சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் சொல்வதற்கு எளியவை. ஆனால் ‘ஆக்கம்’, ‘மீட்பு’ என்றதுமே அதைச் செய்பவர் ஒருவர் இருப்பதாகப் பொருள் வந்துவிடுகிறது. மண் கொட்டி, நாற்று நட்டுச் செய்யும் பணிகளுக்கே அவை பொருந்தும்.

‘மீள்’ என்னும் முன்னொட்டில்தான் எனக்குப் பெரிய தயக்கம். வெடி வைத்துப் பாறையைப் பெயர்த்தெடுத்த தளத்தில் மேல்மண் இல்லை. அதில் உறங்கிக்கிடந்த விதைகளும் வேர்க்கட்டைகளும் அதனோடு போய்விட்டன. அங்கே முளைப்பவை பெரும்பாலும் காற்றிலும் பறவைகளின் எச்சத்திலும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. பாறை வெடிப்பு ஒன்றை உற்று நோக்கினால், கற்றூளும் புழுதியும் மெல்லிய படலமாகப் படிந்திருக்க, அதன்மேல் படர்ந்த பாசி ஈரத்தைப் பிடித்துவைத்திருப்பதும், அந்த ஈரத்தை நம்பி ஒரு புல் வேரூன்றியிருப்பதும் தெரியும். 1963-இல் ஐஸ்லாந்துக்கு அருகே கடலடி எரிமலை வெடித்து எழுந்த சர்ட்சி தீவில் 1965-இலேயே ஒரு பூக்கும் செடி காணப்பட்டது. மீண்டு வருவதற்கு அங்கே முன்பு ஏதும் இருந்ததில்லை. நாம் ஆக்கும் சொல் அத்தீவுக்கும் பொருந்த வேண்டும்.

ஆகவே ‘தற்குடியேற்றம்’ என்பதை முன்மொழிகிறேன். தற்காப்பு, தற்சார்பு ஆகியவற்றில் நமக்குப் பழகிய அமைப்பே இது. ‘தற்குடியேறிய செடிகள்’ என்று பெயரெச்சமாகவும் இயல்பாக நீள்கிறது. ‘தான்தோன்றி வளர்ச்சி’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். பேச்சுவழக்கில் அச்சொல்லுக்கு ஏறிவிட்ட இழிபொருளை விலக்குவது கடினம், விதை எங்கிருந்தோ வந்தது என்பதையும் அது மறைத்துவிடுகிறது. பாடநூல்களில் உள்ள ‘வழிமுறை வளர்ச்சி’யை மாற்ற வேண்டியதில்லை. ஒரு தாவரக் கூட்டத்தின் இடத்தை மற்றொன்று பிடிக்கும் நெடிய தொடரை அது குறிக்கட்டும்; தற்குடியேற்றம் அத்தொடரின் முதற்படி.

குவாரி ஓரத்தில் வாரிக் கொட்டிய மேல்மண் மேடுகளுக்கு மட்டும் இச்சொல் பொருந்தாது. அந்த மண்ணில் பழைய விதைகளும் வேர்களும் உயிரோடு எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், அங்கே ‘மீள்முளைப்பு’ என்பதே சரி. எஞ்சிய விதையும் வந்த விதையும் கலந்து முளைக்கும் மேடுகளில் எச்சொல்லை ஆள்வது என்பது பற்றிக் களப்பணியில் உள்ளோர் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.