டெக்கில் பூப்பெட்டியும் வாங்கும்: செய்து பட்டவர்கள் சொல்லுங்கள்

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு டெக் (தூண்களில் நிற்கும் திறந்த மரத்தளம்) 12 அடிக்கு 14. போன வருடம் மே மாதம் அதில் இரண்டு மரப்பெட்டிகளும், அவற்றுக்கு நடுவில் உட்கார ஒரு வாங்கும் (பெஞ்ச்) செய்தேன். எனக்குத் தச்சு வேலை தெரியாது. ஊரில் அப்பா வாள் பிடிக்க, பலகையின் மறுமுனையில் ஏறி உட்கார்ந்திருந்த அனுபவம் மட்டும்தான்.

டெக்குக்குப் போடும் அந்தப் பச்சை நிற, உக்காமல் இருக்க மருந்தேற்றிய பலகையில் கத்தரி நடலாமா என்று மனைவி கேட்டாள். நியாயமான பயம். 2003 முடியும் வரை வீட்டு வேலைக்கு விற்ற பலகையில் ஆர்சனிக் கலந்த மருந்து இருந்தது. இப்போது வருவது செம்பு சார்ந்த மருந்து. இருந்தாலும் சாப்பிடுகிற செடிக்கு வேண்டாம் என்று, மருந்தில்லாமலே உக்காமல் தாங்கும் சிடார் மரம் எடுத்தேன். விலை கூட. ‘2க்கு 4’ என்று விற்கும் கட்டை உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். அது தெரியாமல் வரைந்த கணக்கெல்லாம் பிசகி, கடைக்கு மூன்று நடை.

பெட்டி 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. மண் நிரப்பப் போன நேரம், கட்டட வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “தம்பி, இது நனைஞ்சா என்ன பாரம் வரும் எண்டு பார்த்தனீரோ?” பார்க்கவில்லை. ஈர மண் கன அடிக்கு ஏறத்தாழ 100 பவுண்ட். 9 கன அடிக்கு 900. அது நிற்கும் இடம் 6 சதுர அடி, ஆக சதுர அடிக்கு 150 பவுண்ட். டெக்கைப் பொதுவாக 40 பவுண்ட் கணக்கில்தான் கட்டுகிறார்கள். ஐந்தாறு பேர் இரவு பகலாக ஒரே மூலையில் நெருக்கிக்கொண்டு நிற்பது போல!

அதனால் பெட்டிக்குள் 8 அங்குல உயரத்தில் இன்னொரு அடித்தட்டு அடித்தேன். தோட்ட மண்ணுக்குப் பதில் பீட் பாசியும் (மக்கிய சதுப்புநிலப் பாசி) பெர்லைட்டும் (பொரி போன்ற வெள்ளைக் கல்) கலந்த இலேசான கலவை. பெட்டிகளையும் தூண்கள் இருக்கும் ஓரத்துக்கு நகர்த்தினேன். மிளகாய்க்கு அந்த ஆழம் தாராளம்.

பிழை தெரிந்தது குளிர்காலத்தில். ஒக்டோபரில் செடியைப் பிடுங்கியதோடு விட்டுவிட்டேன். மூன்றே மூன்று வடிதுளைகள், அதையும் இலைக்குப்பை அடைத்துவிட்டது. நனைந்த கலவை உறைந்து பருத்து, முன்பலகையை மூலையில் அரை அங்குலம் வெளியே தள்ளிவிட்டது. பலகையின் வெட்டுமுனையில் நேரே திருகாணி ஏற்றியிருந்தேன், அங்கே அது இறுகப் பிடிக்காது. இந்த வருடம் உள் மூலைகளில் கட்டை வைத்து, துளையைப் பத்தாக்கினேன். சாதாரண இரும்புத் திருகாணி போட்ட இடமெல்லாம் கறுப்புக் கோடு வடிந்திருந்தது. சிடாரின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் அப்படித்தான். இப்போது எல்லாம் துருப்பிடிக்காத எஃகு.

வாங்கு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 18 அங்குல உயரம், பலகைகளுக்கு நடுவில் ஒரு பென்சில் கன இடைவெளி. அம்மம்மாவுக்குக் கால் நிலத்தில் படவில்லையாம். அவருக்குத் தனியாக ஒரு மணைக்கட்டை.

*

பிராம்டனில் இருந்து:

அண்ணா, உங்கள் வாங்கு கைப்பிடி வேலியை ஒட்டியா இருக்கிறது? நாங்களும் அப்படித்தான் செய்தோம். வேலி 36 அங்குலம். ஆனால் மகன் வாங்கில் ஏறி நின்றால் அவனுக்கு அது 18 அங்குலம்தானே, அதை யோசிக்கவில்லை. அவனுக்கு மூன்று வயது. ஒரு நாள் கீழே விழுந்த பந்தைப் பார்க்க வயிற்றை வேலியில் வைத்துத் தொங்கிக்கொண்டிருந்தான். தேத்தண்ணியை எங்கே போட்டேன் என்றே தெரியாது, ஓடிப் போய்ப் பிடித்தேன். அன்றைக்கே கழற்றி வீட்டுச் சுவர்ப் பக்கம் வைத்தாயிற்று.

*

ஸ்காபரோவில் இருந்து:

வேலியை ஒட்டித்தான் தங்கச்சி. அக்காவின் பிள்ளைகள் சனிக்கிழமை வருகிறார்கள், அதற்குள் நகர்த்த வேண்டும். வாங்கை இரண்டு பெட்டிகளோடும் சேர்த்துத் திருகியிருக்கிறேன், அதுதான் தலையிடி. முதலில் மண்ணை அள்ள வேண்டும். யாருக்காவது மிளகாய்க் கன்று வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து எடுங்கள்.